கீழ்த்தள ஏற்பாடு

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சளி விட்டதா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் மனம் அலைபாய்ந்தது. குழப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. தடுப்பூசி.
2. முகக்கவசமும் உன் காதும்.
3. நீ கொடுக்க வேண்டிய விண்ணப்பம்.
4. இடி என்று நீங்கள் எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர்.
5. அம்மாவின் முழங்கால்.

முதலாவது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் மாத முடிவுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்று உத்தரவு வந்ததும், நீ மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டாய். நல்ல காரியம். இதில் வேறு பேச்சில்லை.

இரண்டாவது. எனக்கு இது உடனே விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முகக்கவசம் போட்டால் கொஞ்சம் மூச்சு முட்டும், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். "எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள் அப்பா, எனக்குக் காது போய்விட்டது" என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது. "அவ பாதி காதால கேக்கறா, பாதி கண்ணால கேக்கறா. இவங்க கண்ணை மூடிட்டாங்க" என்றாள். சின்ன வயதில் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நீ எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் ஏதோ பாசம் என்று எண்ணியிருந்தோம். அதெல்லாம் இப்போது எதற்கு.

மூன்றாவது. உடற்குறை உள்ள ஊழியருக்குப் புதிய விதியால் வேலையில் இடைஞ்சல் ஏற்பட்டால், நிர்வாகம் தகுந்த ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஆகவே கேட்பதில் தவறில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வரைவு எழுதியே தலை நரைத்தவன் என்ற முறையில் ஒன்று எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்தில் படி எடுத்துக் கொடு.

"மதிப்பிற்குரிய மனிதவள அதிகாரி அவர்களுக்கு. நான் மருந்து வழங்கும் ஜன்னலில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். எனக்கு இடது காது கேட்காது. வலது காது கருவியின் உதவியால் ஓரளவு கேட்கும். பேசுபவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே, ஜன்னலில் என்னுடன் பணிபுரியும் இருவருக்கு வாய்ப்பகுதி தெரியும் முகக்கவசமும், நோயாளிகள் எழுதிக் காட்ட ஒரு சிறு பலகையும் தந்து உதவப் பணிவுடன் வேண்டுகிறேன். இதனால் நிர்வாகத்துக்குச் சிரமம் ஏதும் ஏற்படுமாயின், எந்த இடத்தில் எந்தப் பணி அளித்தாலும் முழுமனத்துடன் ஏற்றுக்கொள்வேன்."

நான்காவது. பில் பிரிவில் இருக்கும் அந்த இடி, ஊசி ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவரிடம் சான்று வாங்கி, அதிகாரியின் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு, தனி அறையும் வாரத்துக்கொரு பரிசோதனையும் வாங்கிவிட்டார் என்கிறாய். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் நீ அவரோடு சேர்ந்து போய் நிற்காதே. உன்னையும் தகராறு செய்பவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

ஐந்தாவது. தாள் முடிந்துவிட்டது. வலி அப்படியே இருக்கிறது.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி விட்டது. நீங்களும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அடுத்த தடவை முதல் இடம் கொடுங்கள், தாள் மிச்சம் இருக்கும்போது.

ஜன்னல் நாளுக்கு நாள் மோசமாகிறது. மாஸ்க் நாடாவும் கருவியும் ஒரே காதில்தான் தொங்க வேண்டும். நாடாவை இழுத்தால் கருவி பறக்கிறது. போன வாரம் கை கழுவும் தொட்டியில் போய் விழுந்தது. இப்போது தலைப்பட்டையில் இரண்டு பொத்தான் தைத்து, நாடாவை அதில் மாட்டிக்கொள்கிறேன். அந்தத் தொல்லை தீர்ந்தது. மற்ற தொல்லை தீரவில்லை.

நேற்று ஒரு பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்தது அவர் புருவம் மட்டும்தான். மறுபடி கேட்டேன், மறுபடியும் புருவம். பக்கத்து ஜன்னல் அக்கா தன் மாஸ்க்கை இறக்கி, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்கறார்டி" என்று சொன்னாள். அதைத் தலைமை மருந்தாளுநர் பார்த்துவிட்டார்.

"மாஸ்க்கை எறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எறக்கலைன்னா இவளுக்குக் கேக்காது சார்."

"சத்தமா பேசுங்க."

"சத்தமா பேசினா கேக்கும்னா நான் ஏன் சார் எறக்கறேன்? எனக்கென்ன லிப்ஸ்டிக்கைக் காட்டணும்னு வேண்டுதலா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அக்கா எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

இதை விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. ஒருவர் பெயரை இன்னொருவர் பெயராக நான் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இதுவரை ஆகவில்லை. ஒவ்வொரு சீட்டையும் மறுபடி மறுபடி சரிபார்க்கிறேன். வரிசை வாசல் வரை போகிறது, என்னைத் திட்டுகிறார்கள். திட்டுவது மட்டும் மாஸ்க் போட்டிருந்தாலும் கண்ணில் நன்றாகத் தெரிகிறது.

விண்ணப்பத்தைப் படி எடுத்துவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை. ஒரு சந்தேகம். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் இடி அண்ணனிடம் காட்டினேன். கோபப்படாதீர்கள். மாஸ்க்கைத் தாண்டி எனக்கு முழுதாகக் கேட்கும் குரல் இந்தக் கட்டடத்தில் அவருடையது ஒன்றுதான். படித்துவிட்டு, "யாரும்மா எழுதினது, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்பா என்றேன். "பிரமாதம். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடு. அதுவரைக்கும் விண்ணப்பம், அதுக்கப்புறம் சரணாகதி" என்றார்.

அந்த வரி வேண்டுமா அப்பா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

அன்புடன்
உங்கள் மகள்

பிப்ரவரி 25

அன்பு மகளுக்கு,

அனைவரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறேன். வலி குறையவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்கிறாள்.

இன்று ஒரே விஷயம்தான், ஆகையால் எண் போடவில்லை. அந்த வரியை அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். விண்ணப்பம் மொட்டையாக, அதட்டுவதுபோல் நின்றது. மறுபடி சேர்த்தேன். மறுபடி அடித்தேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், கேட்கிறவர் கொஞ்சம் தணிந்து நின்றால் கொடுப்பவருக்குக் கை நீளும். அது வெறும் மரியாதை வாசகம் என்று எந்த அலுவலகத்திலும் தெரியும். அதை யாரும் உண்மையென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வரி இருக்கட்டும்.

உன் அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஏற்பாடு செய்துவிட்டார்கள். நீங்கள் எழுதியதை வரி விடாமல் படித்திருக்கிறார்கள். இப்போது எனக்கு மாஸ்க்கால் தொந்தரவு இல்லை. இடமும் அமைதியாக இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வேலை கொஞ்சம் அதிகம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்புடன்
மகள்

மார்ச் 20

அம்மா,

எப்படி இருக்கிறாய்? இதைச் சித்தி வீட்டு முகவரிக்கு ஏன் அனுப்புகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன். அதை நம்பாதே.

என்னைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதுதான் ஏற்பாடு. அதிகாரி அம்மாவின் அறைக்குப் போனேன். அவரும் மாஸ்க், நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதில் விளக்கு வெளிச்சம் வேறு. எழுதிக் காட்டச் சொன்னேன். வாய் தெரியும் முகக்கவசத்துக்குத் தரச்சான்று இல்லையாம், பலகை தொற்றைப் பரப்புமாம். பிறகு என் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்து, கடைசி வரிக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டார். சீட்டில், 'நீங்களே சம்மதித்ததைத்தானே செய்திருக்கிறோம்?' என்று எழுதிக் காட்டினார்.

கிடங்கில் ஜன்னல் கிடையாது. குளுக்கோஸ் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. பெட்டிக்கு வெளியே ஒட்ட வேண்டிய தாளை ஒட்டி, லிப்டில் ஏற்றிவிட வேண்டும். மேலேயிருந்து யாராவது மணியடித்தால் எனக்குக் கேட்காது என்று ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்து கொடுத்த ஒரே ஏற்பாடு அந்த விளக்குதான். அது எரிந்தால் நான் பெட்டியைத் தூக்க வேண்டும்.

சம்பளத்தை இன்னும் குறைக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் ஜன்னலில் இல்லாவிட்டால் என் பணிப்பெயரே மாறிவிடும் அம்மா. மருந்தாளுநர் என்பதை எடுத்துவிட்டு, கிடங்கு உதவியாளர் என்று போட்டுவிடுவார்கள். அத்தனை வருஷம் படித்த படிப்பு அதோடு சரி. அதற்குள் மேல்முறையீடு செய்து ஜன்னலைத் திரும்ப வாங்கியாக வேண்டும். இடி அண்ணன் எழுதித் தருகிறார். ஜூலையில் விசாரிப்பார்கள்.

அப்பாவிடம் சொல்லாதே. அந்த வரியால்தான் என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். ஜன்னல் கிடைத்த பிறகு நானே சொல்கிறேன்.

உன் மகள்

ஏப்ரல் 4

என் கண்ணுக்கு,

நான் இருக்கேன். முட்டிதான் இல்லை. உங்கப்பா வாங்கின தைலத்தோட வாசனைக்குத் தெருப் பூனையெல்லாம் வருது.

எனக்கு உங்கப்பா மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். உன் லெட்டரைச் சித்தி வீட்டுல உக்காந்து படிச்சேன். அவ எனக்கு முன்னாடி அழுதுட்டா. எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு. யார் மேலன்னு கேக்காதே. அந்தப் பொம்பளை மேல பாதி. மீதி வீட்டுக்குள்ளயே இருக்கு.

சொல்ல மாட்டேன்டி. சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? மூணு நாள் சாப்பிட மாட்டார். நாலாம் நாள் எந்திரிச்சு ஒரு மனு எழுதுவார். ஆனா இது எனக்குப் பிடிக்கலை, அதையும் சொல்லிடறேன். நீ எழுதின லெட்டரை மடிச்சு சட்டைப் பையில வெச்சிக்கிட்டுத் திரியறார். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, "கேட்கிற முறையில கேட்டா கிடைக்கும் சார்"ங்கறார். எனக்கு அடுப்படியில கரண்டி கைதவறி விழுது.

பெட்டியெல்லாம் ஒண்டியா தூக்காதே. இடுப்பு போனா அதுக்கு ஏற்பாடு கிடையாது. அந்த இடிக்காரரை நான் விசாரிச்சதாச் சொல்லு.

அம்மா

மே 12

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். என் இருமல் நின்றுவிட்டது.

1. உன் கடிதங்கள் மிகவும் சுருங்கிவிட்டன. முன்பு ஜன்னலுக்கு வருகிறவர்களைப் பற்றியெல்லாம் எழுதுவாய். இப்போது 'நலம், வேலை அதிகம்' என்று முடித்துவிடுகிறாய். நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா?
2. ஏற்பாடு என்றால் சரியாக என்ன ஏற்பாடு? உனக்கு அது உண்மையிலேயே பிடித்திருக்கிறதா? எனக்காகச் சொல்ல வேண்டாம்.
3. அதிகாரி அம்மையாருக்கு நன்றி சொன்னாயா?

உன் அப்பா

மே 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தவறாக எதுவும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இனிமேல் நீளமாக எழுதுகிறேன்.

உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கும் வேலை இப்போது இல்லை. திட்டுகிற ஆட்கள் இல்லை. தவறு நேர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. எனக்கென்றே ஒரு விளக்கு வைத்துத் தந்திருக்கிறார்கள், யாராவது கூப்பிட்டால் எரியும். முழு மனநிறைவோடு இருக்கிறேன் அப்பா. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேட்டிருக்கவே முடியாது. நீங்கள் எழுதித் தந்த விண்ணப்பத்தால்தான் எல்லாம்.

நன்றி சொல்லிவிட்டேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

அன்புடன்
மகள்

ஜூன் 11

மதிப்பிற்குரிய மனிதவள அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மருத்துவமனையில் பணிபுரியும், காது கேளாத மருந்தாளுநரின் தந்தை நான். முன்பின் அறியாத ஒருவன் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தே எழுதுகிறேன்.

குறை இருந்தால் எல்லோரும் எழுதுகிறார்கள். நிறை இருந்தால் எழுதுகிறவர் குறைவு. நானும் அலுவலகத்தில் இருந்தவன், அது எவ்வளவு சோர்வு தரும் என்று எனக்குத் தெரியும். என் மகளின் விண்ணப்பத்தைப் பரிவுடன் பரிசீலித்துத் தாங்கள் ஏற்பாடு செய்து தந்தீர்கள். அதைப் பற்றி அவளே எனக்கு எழுதியிருக்கிறாள். அவள் வார்த்தைகளையே கீழே தருகிறேன்: "முழு மனநிறைவோடு இருக்கிறேன். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேட்டிருக்கவே முடியாது."

ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தங்களுக்கு என் நன்றி.

இதற்குப் பதில் எழுதத் தாங்கள் சிரமப்பட வேண்டாம்.

பணிவுடன்
மருந்தாளுநரின் தந்தை

ஜூலை 18

அம்மா,

உன் முட்டி தேவலையா?

விசாரணை முடிந்தது. தோற்றுவிட்டேன்.

நீளமான மேசை. அந்தப் பக்கம் நாலு பேர், நாலு பேரும் மாஸ்க். என் காதைப் பற்றி விசாரிக்கிற இடத்திலும் அதே கதைதான். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை எனக்காகத் தாளில் எழுதினாள். அவர்கள் ஒரு நிமிடம் பேசினால் ஒரு வரி எழுதினாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பக்கத்து ஜன்னல் அக்கா வந்து சாட்சி சொன்னாள். இதே மாதிரி வாய் தெரியும் மாஸ்க்கைக் குழந்தைகள் வார்டில் போடுகிறார்கள் என்று இடி அண்ணன் படத்தோடு காட்டினார். "அங்க இருக்கிற தரச்சான்று படிக்கட்டு எறங்கி வரும்போது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். குழுத் தலைவரின் கண் சிரித்தது. அந்த நிமிடம் ஜன்னல் எனக்குக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன் அம்மா. நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது அதிகாரி அம்மா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுதுகிற பெண் எழுதாமல் நிறுத்திவிட்டாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. இடி அண்ணன் தலை குனிந்துகொண்டார். பிறகு அந்தத் தாளை என் முன்னால் தள்ளினார்கள்.

படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நாலு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, ஓரத்தில் பென்சில் கோடு போட்டு, அப்பாவின் கையெழுத்து.

தலைவர் கேட்டதை அந்தப் பெண் எழுதினாள்: 'இது உங்கள் தந்தை எழுதியதா?'

"ஆமா."

'இந்த வரியை நீங்கள் அவருக்கு எழுதினீர்களா?'

"எழுதினேன். அவர் கவலைப்படக் கூடாதுன்னு எழுதினேன்."

'அப்படியானால் அவருக்கு எழுதியது பொய்யா, எங்களிடம் சொல்வது பொய்யா?'

என்ன சொல்வது? பொய்யென்றால் நான் பொய் சொல்கிறவள். உண்மையென்றால் நான் அங்கே உட்கார்ந்திருப்பதற்கே அர்த்தமில்லை. இடி அண்ணன் எழுந்து, "ஏங்க, உங்க வீட்டுல யாரும் அப்பாவுக்கு லெட்டர் போட்டதே இல்லையா?" என்று கத்தினார். அது எனக்கு நன்றாகக் கேட்டது. அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஊழியரே மனநிறைவு தெரிவித்துள்ளதால் தற்போதைய ஏற்பாடு போதுமானது என்று தீர்ப்பு. செப்டம்பர் முதல் கிடங்கு உதவியாளர், அதற்குரிய சம்பளம். வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாடகை கொடுக்க வேண்டும் இல்லையா?

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. இப்போது முன்னைவிட அதிகமாகத் தெரியக் கூடாது.

மகள்

ஜூலை 20

ஐயா,

தங்கள் ஜூன் 11 நாளிட்ட கடிதத்துக்கு நன்றி. அக்கடிதம் தங்கள் மகளின் மேல்முறையீட்டு விசாரணையில் குழுவின் முன் வைக்கப்பட்டது. உரிய முடிவை எட்ட அது பெரிதும் உதவியாக இருந்தது. தங்கள் தகவலுக்காகத் தீர்ப்பின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

தங்கள் நல்வாழ்த்துகளுக்கு நன்றி.

மனிதவள அதிகாரி

அக்டோபர் 9

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. பல தடவை தொடங்கினேன். இதையாவது முடிக்கப் பார்க்கிறேன்.

1. தீர்ப்பின் நகலைப் படித்தேன்.
2. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.
3. உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.
4. இனிச் செய்ய வேண்டியது.

முதலாவது. அந்த உறை வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதில் வேண்டாம் என்று எழுதியும் பதில் போட்டிருக்கிறார்களே, பண்பானவர்கள் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பிரித்தேன். மேல்முறையீடு என்ற சொல்லைப் படித்ததும் இது வேறு யாருடைய கடிதமோ, உறை மாறி வந்துவிட்டதோ என்றே எண்ணினேன்.

இரண்டாவது. அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"யாருக்கு நன்றி எழுதினீங்க?"

"ஏற்பாடு செஞ்சவங்களுக்கு."

"என்ன ஏற்பாடுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அவதான் எழுதியிருந்தாளே."

"எனக்கு ஒரு நாள் நன்றின்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களா? பக்கத்துலதானே இருக்கேன், ஸ்டாம்புகூட வேண்டாம். எவளோ ஒருத்திக்குக் கோடு போட்டு எழுதறீங்க."

அதன் பிறகு சித்தி வீட்டுக்குப் போய், நீ அவளுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தின் கடைசி வரிக்கு அடியில் அந்த அம்மையார் கோடு போட்ட இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். நானும் அந்த இடத்தில்தான் கோடு போட்டிருப்பேன். காப்பீட்டு அலுவலகத்தில் அப்படியொரு மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறேன். அது மரியாதை வாசகம் என்று எங்களுக்கும் தெரியும்.

நான்காவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிச் செய்ய வேண்டியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் உனக்குச் சொல்லாமல் அவர்களுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. 'கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. போன வாரம் அம்மாவுக்கு நீ எழுதியதை அவள் எனக்கும் படித்துக் காட்டினாள். இந்த மாதம் முதல் முகக்கவசம் கட்டாயமில்லையாம். நீ மேலே போய்ப் பார்த்தாயாம். உன் ஜன்னலில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாளாம். வரிசையில் இருந்த அத்தனை பேர் பேச்சும் தூரத்திலிருந்தே உனக்குத் தெரிந்ததாம். சிவப்பு விளக்கு எரிந்திருக்கும் என்று இறங்கிவிட்டாயாம். இதைக் கேட்டதும் உடனே ஒரு விண்ணப்பம் மனத்தில் ஓட ஆரம்பித்தது, முதல் வாக்கியம் முழுதாக வந்துவிட்டது. எழுதவில்லை. இனி எழுத மாட்டேன். இடி அவர்கள் என்ன சொல்கிறாரோ அதைச் செய். அவரிடம் என் வணக்கத்தைச் சொல். வேண்டாம், அவருக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்காது.

மூன்றாவது. உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை விளக்கி எழுதுவதற்காகத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன். நீ என் மனம் நோகக் கூடாது என்று மறைத்தாய், அதனால் வருத்தமில்லை என்று எழுத வேண்டும். நாலு தாளில் அப்படித்தான் எழுதினேன். நாலையும் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது தவறு. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீ பார்க்க வேண்டும் என்பதற்காக. எனக்கு வருத்தம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னாய், சித்திக்குத் தெரிந்திருக்கிறது, முகம் தெரியாத ஒரு மனிதர் உனக்காகக் கத்தியிருக்கிறார். நான் மட்டும் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் போனேன். என்னிடம் நீ சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியும். பயந்துபோய், மறுபடி ஒரு மனு எழுதியிருப்பேன். அதுவும் உன்னைக் கெடுத்திருக்கும். இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா